ஷர்மிளாவுக்காகப் பட்டை மாற்றிய மூக்கு லாரி

மாதாவே துணை

ஆம்பூர்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆரோக்கியசாமி அவர்களுக்கும், சம்பந்தியம்மாவுக்கும், மாப்பிள்ளை ஜான்சனுக்கும் ஆம்பூரிலிருந்து அந்தோணி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மோகனாவும் சுகம், லாரியும் சுகம். ஆவடியில் தங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும், முக்கியமாகத் தங்கள் முழங்கால் வலிக்காகவும் தினமும் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். வலி குறையத்தான் வேண்டிக்கொள்கிறோம், எழுதியதைத் திரும்பப் படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் எதிரில் வரும் வண்டிக்காரனை மிரட்டுவது போல இருக்கிறது என்று மோகனா சொல்கிறாள். லாரி ஓட்டிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் எட்டாம் கிளாஸ் வரை கற்றதை வைத்துக் கடிதம் எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்.

போன மாதம் தாங்கள் போனில், "உங்க பக்கம் ரோடு பூரா தோண்டிப் போட்ருக்கான் சம்பந்தி, அதுல குலுங்கிக் குலுங்கி ஏழு மாசத்துல உங்க பொண்ணு ஷர்மிளாவ எப்படி அனுப்புறது? பிரசவம் இங்கயே வெச்சிக்கலாம்" என்று சொன்னீர்கள். நானும் "சரிங்க சம்பந்தி" என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்றும் சரியில்லை என்று தெரிந்தது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே. மோகனா முன்னறைக்கு வெள்ளை அடித்து, வீட்டிலிருந்த வேட்டிகளையெல்லாம் துவைத்துக் கிழித்து, குழந்தைத் துணியாக அடுக்கிவிட்டாள். அவசரத்தில் என் நல்ல வேட்டியும் அதில் போய்விட்டது, நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போகிறேன். ஆக, தடை குலுக்கல் மட்டும்தான் என்றால் அந்தக் குலுக்கலையே ஒழித்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். கார் வேண்டாம், சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி விசாரித்துவிட்டுத்தான் ஏறும். பெரிய சக்கரம் பள்ளத்தை மதிக்காது. ரயிலில் படி உயரம். (லாரியின் படி அதைவிட உயரம்தான், அதற்கு ஒரு ஸ்டூல் செய்து வைத்திருக்கிறேன்.)

லாரி என்றால், கல்யாணத்தின்போது எங்கள் வாசலில் பார்த்துவிட்டு "இதென்ன சம்பந்தி, கோழிக்கூண்டா?" என்று கேட்டீர்களே, அதேதான். பானெட் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி. தாங்கள் கேட்டதில் தப்பில்லை, அப்போது உள்ளே கோழி இருந்தது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு உப்புத் தோல் ஏற்றி ஏற்றி, கடைசியில் அடியிலிருக்கும் பட்டை உடைந்து உட்கார்ந்துவிட்ட வண்டி. பட்டை என்றால் வில் மாதிரி வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள், வண்டியின் பாரத்தையும் குலுக்கலையும் வாங்கிக்கொள்வது அதுதான். கோழிகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டை வேலை செய்யும் அஹமது பாஷா பாயிடம் போனேன். பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இன்னா நைனா, இது பட்டையா அப்பளமா? தொட்டா உதிருது. இதுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு? மறுபடி தோல் லோடு அடிக்கப் போறியா?"

"இல்ல பாய். பொண்ணு பிரசவத்துக்கு வரணும். அவள இட்டுனு வர்றதுக்கு."

பாய் சம்மட்டியைக் கீழே வைத்தார். "அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா நோவு உனுக்கு?" என்று திட்டிவிட்டு, எனக்காக எடுத்து வைத்திருந்த பழைய பட்டைகளைத் தூக்கி மூலையில் எறிந்தார். உள்ளே போய் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வந்து, உலையில் போட்டுப் பழுக்கவைத்து, வளைத்து, எண்ணெயில் முக்கி, ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்துக் கட்டினார். ஷர்மிளா கைக்குழந்தையாக இருந்தபோது மருத்துவச்சிகூட அவளை இத்தனை கவனமாகப் பார்க்கவில்லை.

அத்தோடு நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பாய் பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவினால் போதும் என்றார், நான் கேட்கவில்லை. ஆம்பூர்க்காரனுக்கு எதற்கும் தோல்தான் வைத்தியம், கதவு அடித்துக்கொண்டால் ஒரு துண்டுத் தோல், மேசை ஆடினால் ஒரு துண்டுத் தோல். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ராஜேஷிடம் கனமான அடித்தோல் வாங்கி, பட்டை அளவுக்கு வெட்டி, தோல் பூப்போல ஆவதற்கு மீன் எண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் மெத்தை போல வைத்து முறுக்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் தெருவிலுள்ள நாய்கள் எல்லாம் லாரிக்கு அடியில் வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கிழட்டு நாய் பின்பக்கப் பட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. மறுபடி பாயிடம் போனேன். "பட்டை ஒடஞ்சி வந்துகீது, துரு புடிச்சி வந்துகீது. நாய் துன்னுட்டு வந்தது என் சர்வீஸ்ல இதான் நைனா ஃபர்ஸ்டு" என்றார். தோலை எடுத்துவிட்டுக் கிரீஸ் தடவினோம். நாய்கள் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை, தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

அடுத்து சோதனை ஓட்டம். ஷர்மிளா உட்கார வேண்டிய சீட்டில் மோகனாவை உட்காரவைத்து, சரியாகத் தெரியட்டும் என்று வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "எனக்கு இன்னா வயசாவுது, உங்களுக்கு இன்னா வயசாவுது? இந்தக் கூத்து தேவையா?" என்று கத்திக்கொண்டேதான் கட்டிக்கொண்டாள். ஸ்டூலில் ஏறும்போது எதிர்வீட்டு ஜஹீருன்னிசா பார்த்துவிட்டது.

"அரே, மோகனாக்கா! சொல்லவே இல்ல! எத்தினி மாசம்?"

"இந்தாளக் கேளு. எல்லாத்துக்கும் இவருதான் காரணம்."

தெரு மொத்தமும் சிரித்தது. நான் கிளப்பினேன். பட்டை புதுசு, வண்டி காலி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறிக் குதித்தது. போதாததற்கு ஹாரன் ஒயர் எங்கோ உராய்ந்துகொண்டு, வண்டி குதிக்கும்போதெல்லாம் தானாக அலறியது. மாதனூர் வரைக்கும் நாங்கள் ஊர்வலம் போவது போலப் போனோம். முன்னால் போன பஸ் டிரைவர் ஓரங்கட்டி இறங்கி வந்து, "தாத்தா, வழிதான் வுட்டுட்டனே, இன்னா அவசரம்?" என்றார். "இன்னும் தாத்தா ஆவல தம்பி, கொஞ்சம் நாள் ஆவும்" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

பாஷா பாய்தான் வழி சொன்னார். "இது லோடு வண்டி நைனா. காலியா ஓட்டினா கழுதை மாதிரி ஒதைக்கும். முதுவுல பாரம் ஏத்து, தொட்டில் மாதிரி போவும்." தோல் ஏற்ற முடியாது, ஷர்மிளாவுக்கு இப்போது வெங்காயம் தாளித்தாலே குமட்டுகிறதாம். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் ஒரு தோஸ்திடம் பேல் பேலாக லுங்கி கேட்டேன். ஆவடிக்கு ஏற்றிக்கொண்டு போய், இறக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன் என்றதும், "லுங்கிய டூர் இட்டுனு போறியாப்பா?" என்று கேட்டார். இருந்தாலும் கொடுத்தார். லுங்கி ஏற்றி, மோகனாவை ஏற்றி, மறுபடி ஓட்டினேன். பள்ளிகொண்டா வரைக்கும் ஹாரன் ஒரே தடவைதான் அடித்தது, அதுவும் மாடு குறுக்கே வந்ததால் நானே அடித்தது. திரும்பிப் பார்த்தால் மோகனா தலையணையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வராமல் மெதுவாக ஓட்டினேன். அந்த சீட்டில் ஷர்மிளா உட்கார்ந்து வந்தால் என்னென்ன பேசுவேனோ அதையெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். ஜன்னலைப் பாதி சாத்தட்டுமா என்றுகூடக் கேட்டேன். பதில் வரவில்லை என்று நானே சாத்தினேன்.

ஆகவே சம்பந்தி, இனி குலுக்கல் இல்லை. பாரம் போதாது என்று தோன்றினால் தாங்களும் சம்பந்தியம்மாவும் கூடவே ஏறி வரலாம். சம்பந்தியம்மாவின் பாரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்குத்தான் கூப்பிடுகிறேன். ஷர்மிளா கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "சாப்டாச்சா" என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லை. டீ போட்டால் மோகனா இன்னும் மூன்று டம்ளர்தான் எடுக்கிறாள். மூன்றாவதையும் நானே குடித்துவிடுகிறேன், அதனால் தூக்கம் வருவதில்லை. டாக்டர் சர்க்கரை என்கிறார், சர்க்கரை காரணமில்லை. கொஞ்ச நாளைக்காவது அவள் இங்கே இருந்து, "அப்பா, சவுண்ட கொற" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போட்டால் போதும். குழந்தையைத் தங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பது என் பொறுப்பு. இதை ஷர்மிளாவிடம் படித்துக் காட்ட வேண்டாம், வாசலில் வண்டியைப் பார்த்து அவள் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

தங்கள் வீட்டில் நோய் நொடி எட்டாமல், அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க மாதாவை வேண்டும்,

தங்கள் சம்பந்தி,
அந்தோணி.

பி.கு.: மேலே உள்ளதை முந்தாநாள் எழுதி முடித்து, ஸ்டாம்பு கேட்டு மோகனாவிடம் போனேன். வாங்கிப் படித்தாள். நாய் வரும் இடத்தில் சிரித்தாள். கடைசிக்கு வந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத அனுப்பாதீங்க. பிரசவம் அங்கயேன்னு சொல்லச் சொன்னதே நம்ம ஷர்மிளாதான். பாவம், அந்த மனுசன் மேல ஏன் பழி?" என்றாள். வலி வரும் நேரத்தில் ஜான்சன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாம், அவருக்கு இங்கே வந்து இருக்க லீவு கிடைக்காதாம். நேராகச் சொன்னால் அப்பா மூஞ்சி சுண்டிப்போகும் என்று தங்களைச் சொல்லச் சொன்னாளாம். ரோடும் பள்ளமும் தாங்கள் அவளுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய சாக்காம். முன்னாலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மோகனாவைக் கேட்டேன். "லாரிக்கு அடியில படுத்துனு பாட்டு பாடிட்டிருந்த ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

எனவே சம்பந்தி, மேலே எழுதியது எதையும் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழிக்க எனக்குக் கை வரவில்லை, தாங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடவும். ஷர்மிளாவுக்கு லாரி விஷயம் ஜஹீருன்னிசா மூலமாக எப்படியோ தெரிந்துவிட்டது, நேற்று போன் செய்து, "அப்பா, வண்டிய ரெடி பண்றியாமே?" என்று பயந்து பயந்து கேட்டாள். "எங்கம்மா, பட்டை சரிப்படவே இல்ல, பாய் கைய விரிச்சிட்டாரு. நீ அங்கயே இரு, குட்டி பொறந்ததும் நாங்க ரயில்ல வர்றோம்" என்றேன். "பரவால்ல வுடுப்பா" என்றாள். அவள் மூச்சு விட்ட சத்தம் ஆம்பூர் வரை கேட்டது. தாங்கள் அவளுக்காக ஒரு பொய் சொன்னீர்கள், நான் ஒன்று சொல்லியிருக்கிறேன், இரண்டையும் காப்பாற்றிக்கொடுக்கவும். லுங்கியைக் குடியாத்தத்தில் இறக்கிவிட்டேன். வண்டி மட்டும் மெட்ராஸ் ரோட்டைப் பார்த்தபடி வாசலில் நிற்கிறது. திருப்பி நிறுத்தலாம் என்று இரண்டு தடவை ஏறி உட்கார்ந்தேன். இன்னும் திருப்பவில்லை.