வாய்க்கால் கரையில் ஒரு சிலி

சிலி நாட்டைப் பற்றி அந்த நாட்டு ஜனாதிபதியை விட அதிகமாகக் கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கிளிநொச்சிக்குக் கிட்ட, காடு வெட்டிக் கழனியாக்கிய ஒரு குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். நாலு முழ வேட்டி, பித்தான் அறுந்த கோட்டு, வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் சிலி மாஸ்டர்.

நான் ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனம் பெற்று, தகரப் பெட்டியும் கையுமாக அங்கே போய் இறங்கிய கணக்கு ரீச்சர். பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது. என் வகுப்புக்கு அடுத்த வகுப்பு அவருடையது. அவர் பிள்ளைகளோடு அந்தீஸ் மலையில் ஏறத் தொடங்கினால் என் வகுப்புக்கும் மூச்சு வாங்கும். ஒரு நாள் ஒரு பெடியனை எழுப்பி, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். "வல்பரைசோ, ரீச்சர்," என்றான். அது சிலியிலுள்ள ஒரு துறைமுகமாம். தலையில் குட்டினேன். குட்டு அவனுக்கு விழுந்தாலும் மனதுக்குள் மாஸ்டருக்குத்தான் குட்டினேன்.

உலகத்தில் இத்தனை நாடு இருக்க இந்த மனிதருக்கு ஏன் சிலியில் ஆசை வந்தது? அவர் இருந்த அறையின் யன்னலுக்குச் சீலை இல்லாமல், கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கிய வெற்று உரச்சாக்கு ஒன்றைக் கட்டியிருந்தாராம். காலையில் கண் விழித்தால் சாக்கில் 'சிலி' என்ற எழுத்துத்தான் முகத்துக்கு நேரே தெரியுமாம். ஆறு மாதம் பார்த்தபின், இந்தச் சாக்கு உரவுப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தேடப் போனவர் திரும்பி வரவேயில்லை. இது பெரிய வாத்தியார் சொன்ன கதை. பெரிய வாத்தியார் என்றால் எங்கள் தலைமை ஆசிரியர். அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

ஆனால் ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுள் சிலியைப் படைத்துவிட்டு, மிஞ்சிய மண்ணில்தான் எங்கள் பள்ளிக்கூட வளவைப் படைத்திருந்தார். வளவு நீட்டு, ஆனால் அகலமில்லை. மேற்கே நெடுக வாய்க்கால். கிழக்கே, காடு துப்புரவாக்கியபோது புல்டோசர் ஒதுக்கிவிட்ட மண்மேடு, வளவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை. வடக்குக் கடைசித் தொங்கலில் கிரவல். அங்கே புல்லுக்கூட முளைக்காது. தெற்குத் தொங்கலில் வாய்க்கால் கசிந்து எந்நேரமும் சதுப்பு.

"பாருங்கோ ரீச்சர்," என்றார் ஒரு நாள், குடையை நீட்டி. "உது பசிபிக் சமுத்திரம். இது அந்தீஸ். அங்காலை அட்டகாமாப் பாலைவனம். இஞ்சாலை குளிர்ப் பக்கம், பற்றகோனியா. எல்லாம் அந்தந்த இடத்திலை இருக்குது. நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"வாய்க்காலிலை பெடியள் மாடு கழுவுறாங்கள், மாஸ்டர்."

"துறைமுகமெண்டால் அப்பிடித்தான் இருக்கும்."

இந்த மனிதரோடு கதைத்து வெல்ல முடியாது.

பாடம் தொடங்குவதே வணக்கத்தில். காலை எட்டு மணிக்குச் சிலியில் முந்தின இரவு என்று கணக்குப் பார்த்து, பிள்ளைகள் எல்லாரும் எழும்பி "புவேனஸ் நோச்சஸ்" என்று ஸ்பானிய மொழியில் இரவு வணக்கம் சொல்ல வேண்டும். முதல் நாள் அதைக் கேட்ட பெரிய வாத்தியார், பிள்ளைகள் கூட்டமாகத் தூஷணம் சொல்லுகிறார்கள் என்று பிரம்போடு ஓடி வந்தார். மார்கழி மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டு பெய்யும்போது மாஸ்டர் கோட்டைக் கழற்றிவிட்டு, "அப்பாடா, என்ன வெக்கை!" என்று விசிறிக்கொள்வார், அங்கே அப்போது கோடை. சிலியில் மத்தியானம் சாப்பிட்டபின் சற்றுக் கண்ணயர்வார்கள் என்று சொல்லி அதையும் கொண்டுவந்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய வாத்தியார் பூரண ஒத்துழைப்புக் கொடுத்தார்.

பெற்றோர் தினத்துக்குச் சிலி நாட்டு ஆட்டம் ஆட வேண்டுமென்றார். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, ஆட்டி ஆட்டி ஆடுவது. "குமராகப் போற பெட்டையள் பெடியளுக்கு லேஞ்சி ஆட்டுறதோ?" என்று தாய்மார் பாய்ந்து விழுந்தார்கள். மாஸ்டர் அசையவில்லை. பெடியனை ஒரு பக்கம் நிறுத்தினார். பெண்ணின் பக்கத்தில் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே நின்றார். அன்றைக்கு அவர் வெட்கப்பட்டு முகத்தை மறைத்த அழகைப் பார்த்து, பாய்ந்து விழுந்த தாய்மாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது. அடுத்ததாகத்தான் அவர் சிலியைப் பங்கு போட்டார்.

அந்த ஊரில் எல்லாரும், அரசாங்கம் காணி பங்கிடும் காணிக் கச்சேரியில் பெயர் விழுந்து வந்தவர்கள். மூன்று ஏக்கர் வயல், ஒரு துண்டு மேட்டுக்காணி, கையில் ஒரு பெர்மிற். காணியைத் தவிர அங்கே வேறு கதை கிடையாது. மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "காணியில்லாதவனுக்கு நாடு விளங்காது, ரீச்சர்," என்று சொல்லி, வகுப்பிலே காணிக் கச்சேரி வைத்தார். குடையைக் கவிழ்த்துப் பிடித்து, அதற்குள் கடுதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் சிலியில் ஒரு பங்கு. எல்லைக்குப் பூவரசங் கொம்பு வெட்டிக் கதியால் நாட்டினார்கள். தன் பங்கில் என்ன விளையும், என்ன சாப்பிடுவார்கள், எப்படி வீடு கட்டுவார்கள் என்று அந்தப் பிள்ளை தேடிப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் நாகேஸ் என்ற சிறுமியின் தாய் வாசலில் நின்றா.

"மாஸ்டர், இது நியாயமோ? இவளின்ரை தமையனுக்குக் கிடைச்சதும் தண்ணி ஏறாத காணி. இவளுக்கும் பார்த்து அந்த அட்டகாமாவைத்தானோ குடுத்தனீங்கள்?"

"அம்மா, ஆத்திரப்படாதேங்கோ. மேலைதான் மணல். கீழை முழுக்கச் செம்பும் உரவுப்பும். சிலியின்ரை சீதனமே அங்கைதான் கிடக்கு."

அவா யோசித்தா. பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனா. பின்னேரம் கிணற்றடியில் அவா சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "எங்கடை நாகேஸின்ரை காணிக்குக் கீழை செம்பெல்லோ!"

கிழக்கு மண்மேட்டுக்கு அப்பால் ஒரு கமக்காரரின் காணி. சிலிக்குக் கிழக்கே இருப்பது எந்த நாடோ அந்தப் பெயரே அவருக்கும் வந்துவிட்டது. கெட்ட மனிதரல்ல. ஆனால் ஒரு சாண் நிலத்துக்கு மூன்று தலைமுறை வழக்காடும் ஊரில் பிறந்தவர். இங்கே ஏக்கர் கணக்கில் கிடைத்தும் கை சும்மா இருக்காது. மாரி வந்தால் வேலி அடைப்பார். அடைக்கும்போது வேலியைக் கொஞ்சம் இங்கால் தள்ளி அரக்குவார். மேட்டு மண்ணையும் வெட்டித் தன் வரம்புக்குப் போடுவார். முன்பு அது பள்ளிக்கூடத்து மண், யாரும் பேசவில்லை. இப்போது அது அந்தீஸ். அதற்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள்.

"மாஸ்டர், அந்தீஸ் தேயுது!" என்று வகுப்புக்குள் ஓடி வந்தார்கள். மற்றவர்கள் மேட்டில் ஏறி நின்று, "ஆர்ஜென்டீனா! உங்கடை மாடு சிலிக்குள்ளை நிக்குது!" என்று கத்தினார்கள்.

அவர் அது ஏதோ பட்டப்பெயர் சொல்லிப் பழிக்கிறது என்று நினைத்து, வேலியால் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உவங்கள் சொல்லுறது என்ன பேச்சு?"

"அது ஒரு நாடு அண்ணை."

"நல்ல நாடோ?"

"நல்ல நாடு. ஆளை விட மாடு கூடின நாடு."

முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த கிழமையே சைக்கிள் கரியரில் சாணகக் கூடையோடு ஒரு பெடியன் போய், "சிலிக்குள்ளை உங்கடை மாடு போட்டது, வரி கட்டிப்போட்டு எடுங்கோ," என்று கேட்டதும் மலர்ந்தது வாடிவிட்டது. பெட்டிசம் எழுதினார்.

பெட்டிசம் எழுதுவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. இந்த வாத்தியார் அரசாங்கக் காணியைத் துண்டு போட்டுச் சிறுபிள்ளைகளின் பெயரில் பங்கிடுகிறார். எல்லைக்குக் கதியாலும் நாட்டிவிட்டார். தண்ணீர் வசதியுள்ள திறமான பங்கைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். இப்படி எழுதி, காணி பார்க்கும் டி.ஆர்.ஓ. கந்தோருக்கு ஒன்று, கல்விக் கந்தோருக்கு ஒன்று. இரண்டு இடத்திலும் பற்றிக்கொண்டது. அரசாங்கக் காணியைப் பிடித்தவன் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், வாத்தியார் வேலை அன்றோடு சரி. காணி அதிகாரியும், பள்ளிக்கூடம் பார்க்க வரும் வித்தியாதரிசியும் விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்தது.

பெரிய வாத்தியாருக்கு நடுக்கம். "இண்டைக்கு ஒருத்தரும் சிலி எண்டு வாய் திறக்கப்படாது. கேட்டால், விளையாட்டு வளவு எண்டு சொல்லுங்கோ," என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார். சிலி மாஸ்டர் குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குடை ஒரு பக்கமும் நீளாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தொலைந்தால் நிம்மதி என்று எத்தனையோ தரம் நினைத்த மனிதர். ஆனால் இப்படித் தொலையக் கூடாது.

ஜீப் வந்து நின்றது. காணி அதிகாரி தொப்பியும் அரைக் காற்சட்டையுமாக இறங்கி, நேரே வடக்குத் தொங்கலுக்குப் போனார். அங்கே நாகேஸ் நின்றாள்.

"பிள்ளை, இது ஆற்றை காணி?"

நாகேஸ் பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

"கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லும் பிள்ளை," என்றார் மாஸ்டர் மெதுவாக. "பயப்பிடாதையும்."

"என்ரை காணி சேர். அட்டகாமா. இஞ்சை மழையே பெய்யாது. மலையிலை பனி உருகி வந்தால்தான் சனத்துக்குத் தண்ணி. கீழை செம்பு இருக்கு சேர், நீங்கள் மிதிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."

அதிகாரி சட்டென்று காலை எடுத்துத் தள்ளி வைத்தார். அதோடு மடை திறந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் பங்குக்கு அவரை இழுத்தது. ஒருத்தி திராட்சைத் தோட்டம் காட்டினாள். ஒருத்தன் நிலநடுக்கம் வரும் இடம் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தெற்கே போனதும், "இனிக் குளிரும் சேர், தொப்பியை இறுக்கிக் கொள்ளுங்கோ," என்றார்கள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த அந்த மனிதர் இறுக்கிக் கொண்டார்.

வித்தியாதரிசி என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், இதெல்லாம் பாடத்திட்டத்திலை இருக்கோ?"

"தென்னமெரிக்கா இருக்கு சேர். நாடு நீட்டு, அதாலை பாடமும் கொஞ்சம் நீண்டுபோச்சு."

கிழக்கே மேட்டடியில் ஆர்ஜென்டீனா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்து நின்றது. அதிகாரி அந்தப் பக்கம் பார்த்து, "சங்கிலியை எடு, எல்லையை ஒருக்கால் அளந்து பார்ப்பம்," என்று தன் ஆளிடம் சொன்னார். சங்கிலி கிலுகிலுவென்ற சத்தம் கேட்டதுதான் தாமதம்.

"ஐயா, ஐயா, உங்களுக்கேன் வீண் சிரமம்? அது நான் அடைச்ச வேலி. மழைக்குக் கொஞ்சம் இங்காலை சாய்ஞ்சிருக்கும். நானே பின்னுக்குப் போடுறன்."

"எவ்வளவு சாய்ஞ்சிருக்கும்?"

"சாய்ஞ்ச அளவுக்குப் போடுறன் ஐயா."

மேட்டில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் பெட்டிசத்தில் கடைசி வரி ஒன்று மிச்சமிருந்தது. அதிகாரி அதை எடுத்து வாசித்துவிட்டு, சிலி மாஸ்டரை நேரே பார்த்தார்.

"திறமான பங்கை உமக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறீராம். எங்கை, உம்மடை காணியைக் காட்டும்."

மாஸ்டர் குடையால் வடக்கே காட்டப் போனார், அது நாகேஸுடையது. நடுவே பார்த்தார். தெற்கே பார்த்தார். ஒரு பிள்ளையும் நிற்காத இடம் அந்த நாட்டில் இல்லை. அந்த ஊரில் வாத்திமாருக்குக் காணியும் கிடையாது. கூரைக்குக்கூட வாடகை கட்டியவர்.

"எனக்கோ சேர்? எல்லாம்... பிள்ளையளுக்கே சரியாய்ப் போச்சு. எனக்கெண்டு எடுக்க நினைவு வரேல்லை."

பிறகு நாகேஸ் முன்னுக்கு வந்தாள். "சேர், என்ரையிலை பாதியை மாஸ்டருக்கு எழுதுங்கோ. செம்பு இருக்கிற பக்கத்தை." உடனே ஒவ்வொன்றாகத் தொடங்கி, எல்லாப் பிள்ளைகளும் என்ரையிலை, என்ரையிலை என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். துறைமுகம் வைத்திருந்தவன் தன்னுடையதை எடுக்கச் சொல்லி அழுதே விட்டான். அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பெட்டிசத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "காணி பிடிச்சவன் எண்டுதான் விசாரிக்க வந்தன்," என்று மட்டும் வித்தியாதரிசியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாஸ்டரின் வேலை தப்பியது. மறுநாள் காலையில் அடுத்த வகுப்பிலிருந்து இரவு வணக்கம் கூரையைக் கிளப்பியது. எனக்கு வழக்கம்போல எரிச்சலும் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில், எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். பங்கு போடும்போது தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள மறந்துபோன அந்த மனிதரின் கணக்குக்குப் பிழை போட மட்டும் எனக்கு இன்று வரை கை வரவில்லை.