ஆந்தை ஒப்புக்கொள்ள வேண்டும்

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே சம்பந்தியம்மாவும், கம்ப்யூட்டரே கதியென்றிருந்து ஓய்வு பெற்ற தாங்களும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தங்கள் மகளைப் பற்றி ஒரு புகார். எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதியை அவள் லேப்டாப் பிடித்துக்கொண்டுவிட்டது. நூலகங்களில் புத்தகம் இரவல் கொடுக்க உதவும் மென்பொருளை, ஊர் பேர் தெரியாத பலரோடு சேர்ந்து, சல்லிக்காசு வாங்காமல் எழுதுகிறாளே, அந்த வேலைதான். அதில் ஒரு கணினி சொல்வதை மற்றவை அப்படியே நகலெடுக்கும். முதலாவது மாஸ்டராம், மற்றவை ஸ்லேவ், அதாவது அடிமையாம். கூட வேலை செய்த ஒரு பெண், தன் முப்பாட்டியை விற்றபோது பத்திரத்தில் எழுதிய வார்த்தை இது, தினமும் இதை டைப் அடிக்கக் கை வரவில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட்டாள். பெயர்களை மாற்றி அவளைத் திரும்பக் கூட்டி வருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். "வெறும் பேர்தானேம்மா?" என்றேன். "வெறும் பேர்தானே மாமா, மாத்திட்டாப் போச்சு" என்றாள்.

மாற்றிச் சோதனைக்கு விட்டால், பழைய பெயரைத் தேடிய நிரல்களெல்லாம் திருதிருவென்று முழித்துப் படுத்துவிட்டன. கூட வேலை செய்பவர்களிடம் திட்டான திட்டு! இவளோ பதறவே இல்லை. பழைய பெயரில் கூப்பிட்டாலும் வேலை நடக்கும், ஆனால் புதுப் பெயரைப் பழகிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி வரும், அப்படிச் செய்துவிட்டாள். என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை, கெட்டிக்காரி சம்பந்தி.

ஆனால் மாற்றம் நிலையாக உள்ளே போக இன்னொரு பொறுப்பாளர் சரி சொல்ல வேண்டுமாம். அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது சனியன். அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தானாம்; 'ஆந்தை' என்று பேர் வைத்துக்கொண்டு, முகத்தையே காட்டாத ஒரு ஆசாமி, "ஆகவே இது வீண் வேலை, ஆகவே ஏற்க இயலாது" என்று முட்டுக்கட்டை போடுகிறான். எனக்குப் பொறுக்குமா? நானும் அவர்கள் தளத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, "யோவ் ஆந்தை, மண்டையில மசாலா இருக்காய்யா?"ன்னு கேட்டேன். அடுத்த நிமிஷம் என் கணக்கு முடக்கம்! முடக்கியது யாரு? எதிர் நாற்காலியில உட்கார்ந்திருந்த உங்க மக. "இங்க யாரையும் மரியாதை இல்லாம பேசக்கூடாது மாமா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்." முன்பு கறுப்புப் பட்டியல் என்றிருந்ததையும் அவள்தான் தடைப் பட்டியல் என்று மாற்றியிருந்தாள். புதுப் பேர் வைத்த பட்டியலில் முதல் ஆள் நான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தன்னை எதிர்ப்பவனுக்காக மாமனாரையே வெளியே தள்ளும் மருமகள் எத்தனை பேருக்கு வாய்ப்பாள்?

மாதக் கடைசிக்குள் ஆந்தை இறங்கி வராவிட்டால் பொறுப்பை விட்டுவிடுவாளாம். "சொன்ன வார்த்தையைக் காப்பாத்தலேன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளைக் கூப்பிடுவேன்?" என்று கண் கலங்குகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த மண்டைக்கனம் பிடித்தவன் யார் என்று தங்கள் பழைய சகாக்களிடம் விசாரியுங்கள். நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இரு வீடும் என்றும் இப்படியே ஒட்டி உறவாட வேண்டும்.

தங்கள் அன்புச் சம்பந்தி
(தற்சமயம் தடைப் பட்டியலில்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். "ஐயோ மாமா, அந்த ஆந்தை எங்கப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வரிக்கு வரி வரும் அந்த 'ஆகவே'யை வைத்து முதல் நாளே தெரியுமாம். பின்னே ஏன் மறைத்தாய் என்றேன். "அப்பான்னு கூப்பிட்டுக் கேட்டா உடனே சரின்னுடுவார் மாமா. ஆந்தை ஒத்துக்கணும்" என்றாள். மேலே உள்ள வசவுகளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் சம்பந்தி. நாலு கேள்வியும் கேட்கப் போவதில்லை. அவள் எழுதியதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள், யார் மகள் என்பதை மறந்துவிட்டு.