கி.மு. பெண் பார்க்கப் போன கதை

இயேசு பிறந்த பிறகு இந்த உலகத்தில் உருப்படியாக ஒன்றுமே நடக்கவில்லை என்று மனதார நம்பிய மனிதர் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் பண்டைய வரலாறு படிப்பித்தார். கல்லடியில் ஒரு போர்டிங்கில் நானும் அவரும் ஒரே அறை. நாங்கள் வைத்த பெயர் கி.மு.

பெற்றோல் விலை ஏறினாலும், கிரிக்கெட்டில் தோற்றாலும், "இதெல்லாம் நேத்து நடந்த சங்கதி, ஆறட்டும், பாப்பம்" என்பார். ஒருமுறை கிணற்றடியில் பொறுக்கிய பானையோடுகளைக் கழுவி யன்னலில் அடுக்கி, இரண்டாயிரம் வருசத்துக்குக் குறையாது என்றார். போர்டிங்கார அம்மா எட்டிப் பார்த்து, "அது போன பொங்கலுக்கு நான் வாங்கின பானை மனே" என்றார். கி.மு. அசரவில்லை. "பாத்தீங்களா, செய்முறை இன்னும் மாறல்ல!" என்று பூரித்துப் போனார்.

இப்படிப்பட்டவருக்கு வாழைச்சேனையில் பெண் பேசினார்கள். படத்தைப் பார்த்ததிலிருந்தே ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. துணைக்கு நான் போனேன். கல், பானை, எலும்பு எதைப் பற்றியும் அங்கே கதைக்கப்படாது என்று வழிநெடுகச் சத்தியம் வாங்கினேன்.

பெண்ணின் தகப்பன் வள்ளம் வைத்திருப்பவர். தேத்தண்ணி வருமுன்பே கேட்டுவிட்டார்: "இந்தக் காலத்தில பழைய வரலாறு படிச்சு என்ன தம்பி பிரயோசனம்?"

கி.மு. சத்தியத்தைக் காப்பாற்றினார். எழும்பி, கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். போனவர் வரவில்லை. எல்லாரும் போய்ப் பார்த்தால், புது வெள்ளைச் சட்டையோடு ஈரத்தில் குப்புறப் படுத்து, உடுப்புத் தோய்க்கிற கல்லைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"மாமி, எழுத்து! இனி இதில தோய்க்காதீங்க!"

சம்பந்தம் முடிவாகுமுன்பே பெண்ணின் தாய் மாமி! எனக்குத் தலை சுற்றியது. தகப்பனுக்கோ முகம் வெளிறிவிட்டது. "மெதுவா தம்பி. வெளியில தெரிஞ்சா, தொல்பொருள் எண்டு ஆராச்சும் பலகை நட்டுருவாங்க. வீடு வளவெல்லாம் போயிரும்." பிரயோசனமில்லாத பழைய வரலாற்றுக்கு மனிதர் நடுங்கிய நடுக்கம்!

"அதுக்குத்தான் மாமா படிக்க வேணும்," என்றார் கி.மு., படுத்தபடியே. "நமக்கு வாசிக்கத் தெரியாட்டி, வாறவன் வாசிக்கிறதுதான் கதை."

பின்வாசலில் நின்ற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "என்ன எழுதியிருக்கு?"

"ஒரு பொம்பிள தானம் குடுத்திருக்கா."

"அவட பேர்?"

"பேர் இருந்த இடத்திலதான் மாமி தோய்ச்சிருக்கா."

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது. சீதனம் வேண்டாம், கல்லில் தோய்க்காமல் விட்டால் போதும் என்ற மாப்பிள்ளை, மாமிக்குத் தன் காசில் வோஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தார். இப்படியொரு தலைகீழ்ச் சீதனத்தை வாழைச்சேனை அதற்கு முன் கண்டதில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பின்னேர வெயிலில் புருசனும் பெண்சாதியும் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். சரிந்த வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்துத் தெரியுமாம். பேர் இன்னும் பிடிபடவில்லை.

"கி.பி.யில உருப்படியா ஏதும் நடந்திருக்கா?" என்று சீண்டினேன்.

மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒண்டு நடந்திருக்கு."

எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது. அந்த மனிதரோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன்.