வரிசையில் ஒட்டி நின்ற புலி

ஒரு காட்டில், செல்போன் டவர் நிற்கும் மேட்டுக்குக் கீழே, மருதாயி என்றொரு முயல் இருந்தாள். "நாளை மதியச் சாப்பாடு நீதான், எங்கும் போய்விடாதே" என்று அவளுக்குப் புலி சொல்லி அனுப்பியிருந்தது. பாவம், தப்பிக்க வழி தேடி அலைந்தாள்.

நல்லவேளையாக, வேட்டைக்கு வந்த ஒருவன் தேனீ துரத்தியதில் யானை சுடும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். காட்டெருமை சுபேதார் சங்கிலி அதை வைத்து உடனே சுடும் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். வகுப்புக்கு டோக்கன் உண்டு, வரிசை உண்டு, வரிசையைக் குலைத்தால் அவர் கொம்பும் உண்டு. மருதாயியும் ஒரு டோக்கன் வாங்கி வரிசையில் நின்றாள்.

"குண்டு முன்னால போகும், உதை பின்னால வரும். துப்பாக்கிக் கட்டையைத் தோளோட இறுக்கி வை. முன்னால சாஞ்சு நில்லு. புரியுதா?" என்றார் சுபேதார்.

"புரியுதுங்க ஐயா" என்ற கரடி, தளர்வாகப் பிடித்துச் சுட்டது. டமார்! கரடி நாவல் மர உச்சியில் போய் உட்கார்ந்தது. "இங்க பழம் நல்லாருக்கு!" என்று கத்தியது. அவ்வளவுதான், மரமேறும் சிரமம் மிச்சம் என்று குரங்குகளெல்லாம் முண்டியடித்து டோக்கன் வாங்கின.

மருதாயியின் முறை வருவதற்குள் மறுநாள் மதியம் ஆகிவிட்டது. பசியோடு புலியும் வந்துவிட்டது.

"மருதாயி கிளாஸ்ல இருக்கா. யாரா இருந்தாலும் வரிசையில நில்லுங்க" என்றார் சுபேதார்.

புலி டோக்கன் வாங்கிக்கொண்டு, மருதாயியின் பிடரியில் மூச்சு படும்படி ஒட்டி நின்றது.

"பத்தடி தள்ளி நில்லுங்க, உதைக்கும்!" என்றார் சுபேதார்.

"தள்ளி நின்னா எவனாவது நடுவுல பூந்துடுவான். எத்தனை ரேஷன் கடை பாத்திருக்கேன், எங்கிட்டயேவா!" என்ற புலி இன்னும் நெருங்கியது.

மருதாயி துப்பாக்கியைத் தூக்கினாள். படித்த பாடமெல்லாம் பறந்துபோனது. கட்டையைத் தோளில் வைக்காமல் தோளுக்கு மேலே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தாள்.

டமார்! குண்டு டவரில் பட்டது, காட்டுக்கே சிக்னல் இல்லாமல் போனது. கட்டை நேரே புலியின் வாய்க்குள் போனது. பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"தோள் தப்பு, சாய்வு தப்பு, குறியும் தப்பு. நீ ஃபெயில்!" என்று கர்ஜித்தார் சுபேதார்.

"இருக்கட்டுங்க ஐயா, உசுரோட ஃபெயிலானேனே!" என்று மருதாயி குதித்துக் கும்மாளமிட்டாள்.

புலி மட்டும் வரிசையை விடவில்லை. அடுத்த முறை அதனுடையதாயிற்றே.

நீதி: வருகிற உதையைத் தாங்கப் பழகி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வரிசையில் ஒட்டி நிற்பவர் வாங்கிக்கொள்வார்.