ஏரிக்கரையும் என் வலது காலும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டுவிட்டது. (நான்தான் சுவரேறிக் குதித்து ஓடினேன் என்று என் மனைவி சரோஜா சொல்வாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை.) அதற்குப் பிறகு இந்த ஏழுமலை கட்டியதையெல்லாம் கொஞ்சம் கேளுங்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் போகும்போது இடது கைப்பக்கம் புகை தெரியுமே, அந்தச் செங்கல் சூளை என்னுடையது. கள்ளிகூட முளைக்காது என்று எல்லோரும் கைகழுவிய மேட்டில் கிணறு வெட்டிக் கரும்பு வைத்தவன் நான். கல்வராயன் மலையில் லாரி ஏறாது என்று டிரைவர்கள் திரும்பிப் போன காலத்தில், டிராக்டரில் கல் ஏற்றி வெள்ளிமலை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினேன். அப்புறம் மூன்று மாடி வீடு. மூன்றாவது மாடி நிற்காது என்று ஓர் எஞ்சினியர் சொன்னார். மாடி நிற்கிறது. எஞ்சினியர்தான் மாற்றலாகிப் போய்விட்டார்.

இதில் எதையும் நான் நாலு பேரைக் கூட்டி யோசனை கேட்டுச் செய்யவில்லை. ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். என் நிர்வாகம் மொத்தமும் அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் ஊர் முன்னால் வேட்டி இல்லாமல் நின்ற கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஏரிப் பாசன சங்கத்துக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியே இல்லை. (வேறு யாரும் வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள் என்பது சரோஜாவின் கட்சி.) மறுநாளே வாசல் கேட்டில் ‘தலைவர்’ என்று போர்டு மாட்டினேன். டிராக்டரில் எழுதினேன். மாட்டுக் கொட்டகைக் கதவிலும் எழுதினேன். “ஏங்க, மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுங்க” என்றாள் சரோஜா. பால் கறக்க வருகிறவனுக்குத் தெரியுமல்லவா?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே விழ ஆரம்பித்தால், கரையில் ஊர் கூடிப் பூசை போடுவோம். கடா வெட்டுவோம். சங்கத் தலைவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். சிவப்புப் பட்டுத் துணிதான். ஆனால் அது தலையில் ஏறிவிட்டால் ஆள் ஒரு முழம் உயர்ந்துவிடுவான். சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்தவன் நான். நான் தலைவரான பிறகு மூன்று மழைக்காலம் ஏமாற்றிவிட்டு, நாலாவது மழைக்காலத்தில் ஏரி நிரம்பியது.

பூசை அன்று காலையில் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தில் சம்பங்கி மாலை, தலையில் பரிவட்டம். கையில் ஒயர் இல்லாத மைக். மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர். கரை மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். (உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குப் பரிவட்டம் தெரியாது.) ஏரியைக் காப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தேன். கடா கூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது என் டிராக்டர் டிரைவர் செல்வம் கரையின் வெளிச்சரிவிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தான்.

“மொதலாளி, அந்தாண்ட தண்ணி பீச்சிக்கினு வருது.”

“எந்தாண்டடா?”

“கீழத்தெரு பக்கம். என் கை மொத்தத்துக்கு வருது. கரைக்குள்ள எலி வளை எதுனா இருக்கும்போல.”

கரை உடைந்தால் முதலில் போவது கீழத்தெரு வீடுகள். அடுத்து, நட்டுப் பச்சை பிடித்த நெல்வயல் அத்தனையும். அதற்கும் அடுத்து என் செங்கல் சூளை. (அதனால்தான் நான் பதறினேன் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.)

மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தேன். “யாரும் பயப்படாதீங்க! தலைவர் இருக்கேன்! நான் சொல்றத மட்டும் செய்யுங்க!”

செய்தார்கள். அதுதான் பிரச்சினை. குழாய் ஒழுகினால் துணியை எங்கே சுற்றுவோம்? ஒழுகுகிற இடத்தில். அந்தக் கணக்கில், தண்ணீர் பீறிட்டு வரும் வெளிப்பக்கத்தில் மண் மூட்டையை அடுக்கச் சொன்னேன். பத்து மூட்டை அடுக்கினார்கள். தண்ணீர் பத்தையும் உதைத்துத் தள்ளியது. மறுபடி அடுக்கச் சொன்னேன். மறுபடி தள்ளியது. கை மொத்தம் வந்த தண்ணீர் தொடை மொத்தம் ஆகிவிட்டது.

நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும் பச்சையம்மாள் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றாள். எனக்குத் தங்கச்சி மகள் முறை. முறை இருக்கிற தைரியத்தில் என்ன வேண்டுமானாலும் பேசுவாள்.

“மாமா, வெளிய அடைச்சா நிக்காது மாமா. உள்ள தண்ணி எங்க பூருதுன்னு பாக்கணும்.”

“கையத் தூக்கிக்கினு நில்லு. முறை வரும்போது கூப்புடறேன்.”

“எனக்குக் கையத் தூக்கி நிக்கத் தெரியும் மாமா. நீங்கதான் அது பழகறதுக்குள்ள இஸ்கூல உட்டு ஓடியாந்துட்டீங்க.”

கூட்டம் சிரித்தது. பரிவட்டம் கட்டிய தலை சூடாகாதா? “யோசனை சொல்றவங்க மொதல்ல துணைத் தலைவராண்ட சொல்லுங்க, அவரு என்னாண்ட சொல்லுவாரு!” என்று அறிவித்தேன். துணைத் தலைவர் பேத்திக்குக் காது குத்த சங்கராபுரம் போயிருந்தார் என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் காஜா பாயும் பூசைக்கு வந்திருந்தார். “தலைவரே, கடையில பெரிய தார்ப்பாய் கெடக்குது, எடுத்தாரவா?” என்று கேட்டார்.

“கேக்கும்போது குடுங்க பாய்.”

“கரை போன பொறவு கேக்கப் போறீங்களா?”

வெளிச்சரிவில் மூட்டை அடுக்குகிறவர்களாலும் கரை மேல் நிற்கிறவர்களாலும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை. எல்லோரும் எனக்கு முன்னால் வரும்படி நாற்காலியை ஏரிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மறுபடி ஏறினேன். மழையில் ஊறிய மண். நாற்காலியின் பின்கால் இரண்டும் உள்ளே இறங்கின. “அனைவரும் அமைதியாக” என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஏரிக்குள் சறுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்பளவு தண்ணீர். எழுந்து நிற்கப் பார்த்தேன். அடியில் ஏதோ ஒன்று என் வலது காலைக் கவ்வி இழுத்தது. தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. கையில் மைக் அப்படியே இருந்தது. (எது போனாலும் மைக்கை விடவில்லை.)

“ஐயோ! யம்மா! முதலை! என் காலு!”

எங்கள் ஏரியில் முதலை என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் குரல் எல்லா ஸ்பீக்கரிலும் போய், பக்கத்து ஊர்க்காரர்கள் தடியோடு கிளம்பிவிட்டார்கள்.

அதே நேரம் வெளிப்பக்கத்திலிருந்து செல்வம் கத்தினான். “தண்ணி நின்னுப்போச்சு! டேய், தண்ணி நின்னுப்போச்சுடா!”

கரை மேல் இருந்த பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“மாமா! ஆடாதீங்க! ஓட்டையே உங்க காலாண்டதான்!”

“அடியே, என்னத் தூக்கி உடுங்கடி!”

“தூக்குனா கரை பூடும் மாமா. கம்முனு நில்லுங்க!”

சரோஜா சரிவில் இறங்கி வந்தாள். நான் விழுந்துவிட்டேனே என்று ஓடி வருகிறாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். “நீங்க பேசனது போதும். நிக்கற வேலைய மட்டும் பாருங்க” என்று சொல்லி அதைப் பச்சையம்மாளிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கழுத்தளவு கோபத்தோடும் மார்பளவு தண்ணீரோடும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் இறங்கி என் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள். பச்சையம்மாள் மைக்கில், “நடவு ஆளுங்கல்லாம் வரிசை கட்டுங்கடி, நாத்து முடி குடுக்கற மாதிரி” என்றாள். கண்மூடித் திறப்பதற்குள் கரை நீளத்துக்குப் பெண்கள் வரிசை. மூட்டை கை மாறிக் கை மாறி வந்தது. அவள் மைக்கைச் செல்வத்திடம் கொடுத்தாள். “மண் மட்டும் போட்டா கரைஞ்சி பூடும், வைக்கோல் வேணும், என் பின்னாடி நாலு பேர் வாங்க” என்று அவன் டிராக்டரைக் கிளப்பினான். (என் டிராக்டர். என்னைக் கேட்கவில்லை.) காஜா பாய் மைக்கை வாங்கவே இல்லை. அதற்குள் கடைக்குப் போய்த் தார்ப்பாயோடு வந்துவிட்டார். அதை எப்படி விரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பூசாரிக்குத் தெரிந்திருந்தது. பூசாரிக்கு நீச்சல் தெரியாது. பால் கறக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் முங்கி, தார்ப்பாயின் நுனியை என் காலுக்குக் கீழே செருகினான்.

ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. முழுசாக ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் சொன்னார், சொல்லி முடித்ததும் அடுத்தவர் சொன்னதைச் செய்யப் போய்விட்டார். ‘தலைவரைக் கேட்டீங்களா’ என்று ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நான் இரண்டு உத்தரவு போட்டுப் பார்த்தேன். “மாமா, ஆடறீங்க” என்றாள் பச்சையம்மாள்.

கடைசியில் சிக்கல் நான்தான். என்னை எடுத்தால் தண்ணீர் பாயும். எடுக்காவிட்டால் மூட்டையை ஓட்டைக்குள் வைக்க முடியாது.

“அவரு காலு வெளிய வர வர வைக்கோல் மூட்டைய உள்ள தள்ளணும். ஒண்ணா நடக்கணும்” என்றான் செல்வம்.

“மூட்டை தப்பிச்சின்னா?” என்றார் பாய்.

“இன்னொரு காலு இருக்குது இல்ல?” என்றாள் பச்சையம்மாள்.

கயிறு வேண்டும். பாய் கடைக் கயிறெல்லாம் வைக்கோல் ஏற்றப் போய்விட்டது. யாரோ ஓடிப்போய்க் கடா கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என் இடுப்பில் கட்டினார்கள். கடா ஒரு தரம் என்னைப் பார்த்தது. பிறகு மலைப்பக்கமாக ஓடியது.

“ஒண்ணு... ரெண்டு...” என்று சரோஜா மைக்கில் எண்ணினாள். மூன்று என்றதும் ஊரே இழுத்தது. மூட்டை உள்ளே போனது, நான் வெளியே வந்தேன். வேட்டி வரவில்லை. ஓட்டை அதை முழுங்கிவிட்டது, அதன்மேல் மூட்டை ஏறிவிட்டது.

கரை மேல் என்னை நிறுத்தினார்கள். மேலே பரிவட்டம். கழுத்தில் பாதி மாலை. கீழே பட்டாபட்டி டிராயர். தடியோடு வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். பிறகு காஜா பாய்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். “கட்டிக்குங்க தலைவரே. கேக்காமலே குடுக்கறேன்.”

அன்றைக்கு எழுந்த சிரிப்பைக் கரை எப்படித் தாங்கியது என்பதுதான் ஆச்சரியம்.

தாங்கியது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. அந்த வருஷம் நெல் நன்றாக விளைந்தது. என் சூளையும் புகைந்துகொண்டிருந்தது. பூசைக்குக் கடா இல்லாததால் பூசணிக்காய் வெட்டினார்கள்.

நான் இன்னும் சங்கத் தலைவர்தான். ஆனால் கூட்டத்தில் மைக் என்னிடம் இருப்பதில்லை. மைக் வட்டமாகச் சுற்றி வருகிறது. என்னிடமும் வருகிறது, ஒளிக்க மாட்டேன். பரிவட்டம் ஒரே தலைக்குச் சொந்தமில்லை என்று முடிவு செய்து, ஏரி நிரம்பும்போதெல்லாம் ஒவ்வொருவருக்குக் கட்டுகிறார்கள். போன தடவை பச்சையம்மாளுக்குக் கட்டினார்கள். அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. (நாற்காலி மேல் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. புத்திசாலி.)

வீட்டில்தான் நிம்மதி இல்லை. சமையலறைக் குழாய் சொட்டினால் சரோஜா பிளம்பரைக் கூப்பிட மாட்டாள். “ஏங்க, இப்பிடி வந்து கொஞ்சம் கால வைங்க” என்பாள். மருமகன் சைக்கிள் டியூப் பஞ்சரானாலும் இதே பேச்சு. பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரிடம் என்னை அறிமுகம் செய்தபோது, “ஏரிய அடைச்சவரு” என்று சொல்லிவிட்டு, “காலால” என்று சேர்த்தாள்.

சிரிக்கட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் வேறு ஒன்றில். அடைத்த இடத்தில் போன வருஷம் ஒரு கல் நட்டார்கள். ‘இந்தக் கரையை ஊரே கூடிக் காத்தது’ என்று மட்டும் வெட்டியிருக்கிறார்கள். பெயர் இல்லை. கேட்டால் காஜா பாய், “பேரு போட்டா எல்லார் பேரும் போடணும், கல்லு பத்தாது” என்கிறார்.

சரி, ஊரே காத்தது. ஒப்புக்கொள்கிறேன். மூட்டை சுமந்தது நான் இல்லை. வைக்கோல் யோசனை என்னுடையது இல்லை. தார்ப்பாயைத் தடுக்கப் பார்த்தவனே நான்தான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஓட்டை எங்கே என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நேரில் போய்க் கண்டுபிடித்தது யார்? ஊர் கூடுகிற வரைக்கும் தண்ணீரை நிறுத்தி வைத்தது யார்? இன்றைக்கும் அந்தக் கரைக்குள்ளே கிடப்பது யாருடைய பட்டு வேட்டி?

தலைவர் என்று போட வேண்டாம். பெரிய எழுத்தும் வேண்டாம். அந்த வரிக்குக் கீழே ‘ஏழுமலையின் வலது கால் உட்பட’ என்று ஒரு வரி வெட்டச் சொல்லுங்கள். இடது காலுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. அது சும்மாதான் இருந்தது.