கை நீட்டும் வண்டி

வண்டி கத்திக்கொண்டே இருந்தது.

டெலிஹேண்ட்லர் என்று அதற்குப் பெயராம். யார் வாயில் நுழையும்? அந்த மர அறுவை மில்லில் எல்லோருக்கும் அது நீளக்கை. பலகைக் கட்டை இரும்புக் கையால் தூக்கி லாரிப் பக்கம் பாதி நீட்டியதோடு, இனி ஒரு சாண்கூட நகரமாட்டேன் என்று கூப்பாடு போட்டது.

"என்னடா வேணுமாம் அதுக்கு?" என்றார் சுமை மேஸ்திரி.

"பாரம் அதிகம் மாமா. இன்னும் நீட்டினா கவுந்துடும்னு சொல்லுது," என்றான் டிரைவர். மேஸ்திரி மனைவியின் தம்பி.

"பச்சை மரம் பாரமாத்தான் இருக்கும். என் ஆளுங்க ஆறு பேர் தூக்கினப்ப எவனாவது கத்தினானா? உங்க அக்காகூட இப்படிக் கத்தினதில்லை."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா!"

மேஸ்திரிக்கு வயிறு எரிந்தது. இந்தச் சனியன் வந்ததிலிருந்து அவருடைய ஆட்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படியே போனால் அவரையும் சேர்த்து மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போதாததற்கு, காலையிலிருந்து ஓர் ஆள் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதும் போட்டோ பிடிப்பதுமாக வளைய வந்தான். வண்டியை விற்ற கம்பெனிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். மர மில்லுக்குள் சட்டை கசங்காமல் நிற்கிறவனை எப்படி நம்புவது?

"நல்லாப் பாருங்க சார், உங்க வண்டி லட்சணத்தை!"

அந்த ஆள் "ம்" என்று இன்னொரு போட்டோ பிடித்தான்.

"மாமா, கீழே இறக்கி ரெண்டு தடவையா ஏத்திடலாம்," என்றான் மைத்துனன்.

"லாரிக்காரன் சிரிக்கவா? முன்னால பாரம்னா பின்னாலயும் பாரம் வை. இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"

ஆறு பேரையும் வண்டியின் பின்புறம் ஏற்றி உட்கார வைத்தார். கத்தல் பட்டென்று நின்றது.

"பாத்தியா? மனுஷன் உட்கார்ந்தாத்தான் மிஷினுக்கே புத்தி வருது!"

கை நீண்டது. கட்டு லாரிக்கு நேர் மேலே போய் நின்றது. மேஸ்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"விருந்தாளிங்க மாதிரி என்னடா உட்கார்ந்திருக்கீங்க? இறங்கி வந்து கட்டைப் பிடிங்க!"

"ஐயோ மாமா, வேண்டாம்..."

சொன்ன பேச்சு தட்டாத ஆட்கள். ஆறு பேரும் ஒன்றாகக் குதித்தார்கள்.

பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. கட்டு வழுக்கி, லாரியின் பக்கப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு, மரத்தூள் குவியலில் போய் விழுந்தது. வண்டி தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. தூள் அடங்கியபோது ஒருவருக்கும் அடியில்லை. தூள் அப்பியதில் முகம்தான் யாருக்கும் இல்லை.

மேஸ்திரி வாயிலிருந்த தூளைத் துப்பிவிட்டு அந்த ஆளிடம் பாய்ந்தார்.

"இப்பவாவது புரிஞ்சுதா? ஆளைக் கொல்ற வண்டி சார் இது! சுமக்கவும் துப்பில்லை, நிக்கவும் துப்பில்லை! மரியாதையா இப்பவே ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க!"

அந்த ஆள் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஓட்டிக்கிட்டுப் போகத்தாண்ணே வந்தேன். மேஸ்திரியோட ஆளுங்களே போதும், வண்டியை எனக்கு வித்துடறேன்னு உங்க முதலாளிதான் கூப்பிட்டாரு. நல்லவேளை, என் கண்ணைத் திறந்தீங்க, வண்டியை நீங்களே வச்சுக்குங்க!"