சம்பந்தியம்மா பின்னிய குல்லாக்கள்

மேசைமேல் கிடந்ததை முதலாளியம்மா பென்சில் நுனியால் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னது?"

"குல்லாங்க," என்றான் அவன்.

"ரெண்டு பக்கமும் திறந்திருக்கே. தலையை இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வெளிய வந்துடுமே."

"ஆமாங்க. கொஞ்சம் நீளம் கூடிப் போச்சு."

"கொஞ்சமா? என் வீட்டுத் தலகாணிக்கு உறை தேடிக்கிட்டிருந்தேன். இனி தேட வேண்டாம்."

கம்பளி நூல் விற்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு நூல்கண்டோடும் எப்படிப் பின்னுவது என்று சொல்லும் ஒரு தாள் போகும். அந்தத் தாள்களை வரைவது அவன் வேலை. நாள் முழுக்கக் கட்டம் போட்ட காகிதத்தில் குனிந்தபடி இருப்பதால் அலுவலகத்தில் அவனுக்குக் கட்டம் என்றே பெயர். சம்பளத்தன்று மட்டும் கணக்கர் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவனுக்குத்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

பார்வை மங்கினவர்களின் சங்கம் ஒன்று முதலாளியம்மாவிடம் வந்து கேட்டிருந்தது. எங்களில் பின்னுகிறவர்கள் நிறைய. உங்கள் தாளில் இருப்பது எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. எங்களால் படிக்க முடிகிற மாதிரி ஒன்று போட்டுத் தாருங்கள். அந்த வேலை கட்டத்திடம் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பார்வை மங்கின ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குல்லாவைப் பின்னிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

"அப்படி யாரையாவது தெரியுமா?" என்று முதலாளியம்மா கேட்டு வாய் மூடவில்லை. "எங்க தங்கச்சியோட மாமியார் இருக்காங்க," என்று கட்டம் முந்திக்கொண்டான்.

"பின்னுவாங்களா?"

"போன்ல கேட்டுடறேங்க."

கேட்டான். "அதுக்கென்ன தம்பி, அனுப்புங்க," என்றார் சம்பந்தியம்மா. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அவன் அனுப்பிய முதல் தாளுக்கு வந்ததுதான் மேசைமேல் கிடந்த அந்தக் குல்லா. சம்பந்தியம்மாவுக்குக் கண்ணின் நடுவில் ஒரு புகைத் திட்டு. ஓரம் தெளிவாகத் தெரியும். அதனால் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். புதிதாகப் பேசுகிறவர்கள், தங்கள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சங்கத்துத் தலைவி வராங்க," என்றார் முதலாளியம்மா இப்போது. "அன்னைக்கு அந்தம்மா பின்னின குல்லா ஒரு மனுஷத் தலையில நிக்கணும். நிக்கலைன்னா இதை இத்தோட விட்டுடலாம். நீங்க மறுபடியும் லேபிள் பிரிவுக்குப் போயிடுங்க."

லேபிள் பிரிவில் இருந்த காலம் முழுக்க அவன் வடிவமைத்தது 'வெந்நீரில் துவைக்காதீர்' என்ற ஒற்றை வாக்கியத்தை. திரும்பவும் அதற்குப் போவது என்றால் அந்த வெந்நீரிலேயே விழலாம்.

முதலில் சம்பந்தியம்மாவிடம் பிழையைச் சொல்ல வேண்டும். தங்கை கல்யாணமாகிப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே போய், உங்க குல்லா சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"அத்தை, குல்லா பிரமாதம்," என்றான் போனில். "நீளம் மட்டும்தான்..."

"பத்தலையா தம்பி? அடுத்ததுல சேர்த்துடறேன்."

"இல்ல இல்ல, அத்தை. நீளம் இருக்கு. நிறையவே இருக்கு."

"உங்களுக்குப் பெரிய மனசு தம்பி."

போனை வைத்தான். அத்தை மேல் தப்பில்லை, எழுத்து சின்னதாகப் போய்விட்டது என்று முடிவு செய்தான். குல்லாவின் உச்சியைக் குறுக்கி மூடுகிற பகுதி தாளின் அடியில் இருந்தது. அது கண்ணில் பட்டிருக்காது. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். கடைசியில் ஒரு தாளுக்கு ஒரு வரிசை என்று வந்து நின்றது. கட்டு ஒரு தலையணை கனம் இருந்தது. கூரியர்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அடுத்த வாரம் வந்த குல்லாவில் உச்சி நடுவில் இருந்தது. அதற்கு மேலே மறுபடியும் காது மூடும் பகுதி. அதற்கு மேலே இன்னொரு உச்சி.

கட்டம் தங்கைக்குப் போன் போட்டான்.

"அண்ணா, நான் ஆபீஸ்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அந்தத் தாளையெல்லாம் வரிசையாத்தானே வச்சுப் பின்னினாங்க?"

"மின்விசிறி போட்டாங்க. தாளெல்லாம் வீடு பூரா பறந்துச்சு. மாமாதான் பொறுக்கி அடுக்கினார்."

"பக்க எண் போட்டிருந்தேனே."

"எங்க?"

"கீழ, மூலையில."

"அண்ணா, நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடினேன். கொசு உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுத் தட்டி விட்டேன்."

வரிக்கு வரி எழுத்தைப் பெரிதாக்கியவன் பக்க எண்ணைப் பழைய அளவிலேயே விட்டிருந்தான். தலையில் அடித்துக்கொண்டான். கணக்கர் எட்டிப் பார்த்து, "வலிக்குதா?" என்று விசாரித்தார்.

காகிதமே வேண்டாம், காதால் கேட்டுப் பின்னட்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நூல்கண்டு நடுவே உட்கார்ந்து, கைபேசியில் நிதானமாகப் படித்தான். "நேர் ரெண்டு. எதிர் ரெண்டு. நேர் ரெண்டு. எதிர் ரெண்டு." ஊசியை முன்னாலிருந்து விட்டால் நேர், பின்னாலிருந்து விட்டால் எதிர். குல்லாவே இந்த இரண்டும் மாறி மாறி வருவதுதான். குரல் நன்றாக வந்திருப்பதாக அவனுக்கே பெருமையாக இருந்தது. முழுதாகக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

வந்த குல்லாவைக் கணக்கர் தலையில் வைத்துப் பார்த்தார்கள். அலுவலகத்தில் நடுத்தர அளவுத் தலை அவருடையது. குல்லா தலையில் தொடங்கி, அலை அலையாக விரிந்து, தோளைத் தாண்டி இறங்கியது.

"உள்ள இருட்டா இருக்கு," என்றார் கணக்கர் உள்ளேயிருந்து.

"பேசாதீங்க. மேசை விளக்கு பேசற மாதிரி இருக்கு," என்றார் முதலாளியம்மா.

கட்டம் பதிவை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். 'நேர் ரெண்டு, எதிர் ரெண்டு' போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் காய்கறி வண்டிக்காரர் குரல். சமையலறையிலிருந்து அவன் அம்மா, "டேய், எலுமிச்சம்பழம் எத்தனை வாங்கட்டும்?" அதன் பிறகு மிகத் தெளிவாக, நிதானமாக, அவன் குரல்: "எட்டு எடு. சின்னதா இருந்தா இன்னும் நாலு சேர்த்துக்க." அடுத்த மூச்சில், "இந்த வரிசையை இப்படியே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு வாங்க."

சம்பந்தியம்மா சொல் தட்டாதவர். ஒவ்வொரு வரிசையிலும் ஊசியில் எட்டு நூல் வளையம், எட்டுக் கண்ணி, புதிதாக எடுத்திருக்கிறார். கண்ணி சின்னதாகத் தெரிந்த இடத்தில் நாலு சேர்த்திருக்கிறார்.

"இன்னும் பத்து நாள்தான்," என்றார் முதலாளியம்மா. "லேபிள் பிரிவுல உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு. தூசு தட்டச் சொல்லவா?"

காகிதம் போயிற்று, குரல் போயிற்று. விரல் பாக்கி இருந்தது. தடித்த கம்பளி நூல் ஒன்றை எடுத்து, முடிச்சாலேயே முழுக் குல்லாவையும் எழுதினான் கட்டம். ஒற்றை முடிச்சு என்றால் நேர். இரட்டை முடிச்சு என்றால் எதிர். வரிசை முடிகிற இடத்தில் ஒரு பெரிய முடிச்சு. விரலில் உருட்டிக்கொண்டே போனால் போதும், கண்ணே வேண்டாம். முடிச்சுப் போட்டுப் போட்டு அவன் கட்டைவிரல் வீங்கியது. இந்தத் தடவை கூரியரை நம்பாமல் நேரிலேயே கொண்டுபோனான்.

சம்பந்தியம்மா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவனை வரவேற்றார். "வாங்க தம்பி. இளைச்சுட்டீங்களே." சம்பந்தி செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கி, "ம்," என்றார். அந்த வீட்டில் அவர் பேசி யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சின்போதுகூட எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லித்தான் சம்மதம் தெரிவித்தார்.

"அத்தை, இதுல எல்லாமே இருக்கு. தடவித் தடவிப் பார்த்துப் பின்னினாப் போதும்."

சம்பந்தியம்மா நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எவ்வளவு மிருதுவா இருக்கு தம்பி. எதுக்கு இவ்வளவு சிரமம் உங்களுக்கு?"

"சிரமமே இல்ல, அத்தை," என்றான் கட்டம் வீங்கின விரலை மறைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"அண்ணா, நீ ஒரு நூல் குடுத்துட்டுப் போனியே."

"ஆமா. வேலை செஞ்சுதா?"

"அத்தை அதுலயே குல்லா பின்னிட்டாங்க."

"அதுலன்னா?"

"அந்த நூலாலயே. நிறைய முடிச்சு இருந்துச்சாம். கடைக்காரன் தம்பியை நல்லா ஏமாத்திட்டான், வெளிய சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்னு, ரெண்டு பேரும் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் அவுத்துட்டாங்க. மாமாவுக்கு நகம் பேர்ந்துபோச்சு."

குல்லா பின்னும் முறையையே பிரித்துக் குல்லாவாகப் பின்னிவிட்டார்கள். அது வந்து சேர்ந்தபோது பார்த்தான். ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. மற்றபடி, இதுவரை வந்ததிலேயே குல்லா என்று சொல்லத்தக்கது அதுதான். எந்தக் குறிப்பும் இல்லாமல் பின்னினது மட்டும் எப்படி நன்றாக வந்தது? அவனுக்குப் புரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது.

அவன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி வெறும் தாளுக்கு வந்தான். பளபளக்காத வெளிர் மஞ்சள் காகிதம். கறுப்பு மையில் தடித்த எழுத்து, படிக்கப் போதுமான அளவு. வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமான இடைவெளி. கட்டமும் குறியும் இல்லை, எல்லாம் வார்த்தையில். பக்க எண் உள்ளங்கை அகலம். கூடவே ஒரு கறுப்பு அட்டை. அதன் நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாக ஒரு ஜன்னல் வெட்டினான். அதைத் தாள்மேல் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டே போனால் வரி தவறாது. அனுப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று லேபிள் பிரிவுக்குப் போய்த் தன் பழைய நாற்காலியைத் தூசு தட்டிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள். சங்கத் தலைவி உருப்பெருக்கியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். சம்பந்தியம்மா மடியில் பாதிக்குமேல் முடிந்த குல்லாவோடு உட்கார்ந்தார். பக்கத்தில் சம்பந்தி, கையில் தேநீர். விடுப்பு எடுத்து வந்திருந்த தங்கை அண்ணனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா அட்டை ஜன்னலைத் தள்ளினார். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் படித்தார். ஊசிகள் ஓடின. அவர் கண்ணிகளைக் குறுக்கிக் குறுக்கி, நூலை உள்ளே இழுத்து முடிந்து, பல்லால் கடித்து அறுத்தார்.

கணக்கர் பயந்தபடியே தலையைக் குனிந்தார். குல்லா ஏறியது. காதை மூடியது. நெற்றியில் நின்றது. உச்சி உச்சியிலேயே இருந்தது.

"வெளிச்சம் தெரியுது," என்றார் கணக்கர்.

சங்கத் தலைவி தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோய், உருப்பெருக்கி இல்லாமலே இரண்டு வரி சத்தமாகப் படித்தார். "இதைத்தாங்க நாங்க கேட்டோம். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்புங்க."

முதலாளியம்மா கட்டத்தைப் பார்த்தார். அவனை அவர் உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். அவன் திரும்பிப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்படிப் பிடிச்சீங்க இதை?"

கட்டத்துக்குப் பேச்சு மடை திறந்தது. "படிப்படியாத்தாங்க. முதல் தாள்ல எழுத்து போதல. அதான் நீளமாச்சு. ரெண்டாவதுல தாள் அதிகம், கவனம் சிதறிடுச்சு. குரல்ல ஒரு வசதி, ஆனா திரும்பிப் பார்க்க முடியாது. முடிச்சுல..." முடிச்சைப் பற்றிச் சொல்ல வந்தவன் சம்பந்தியம்மாவைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். "ஒவ்வொரு குல்லாவும் என் வடிவமைப்புல இருந்த ஒவ்வொரு குறையைக் காட்டிக் குடுத்துச்சு. அதையெல்லாம் சரி பண்ணினதோட பலன்தான் இது."

சங்கத் தலைவி தலையாட்டினார். கணக்கர் குல்லாவோடு கை தட்டினார். முதலாளியம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மரியாதைக்கு யாரிடமாவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"பாவம், முதல் தாளைப் படிக்க உங்க வீட்டம்மா ரொம்பச் சிரமப்பட்டிருப்பாங்க இல்லையா?"

சம்பந்தி தேநீர்க் கோப்பையை இறக்கி வைத்தார். பேர்ந்த நகத்தைத் தடவிக்கொண்டார்.

"படிக்கறதெல்லாம் முதல் தாளையே கடகடன்னு படிச்சுட்டாங்க. சம்பந்தி வீட்டுத் தம்பி முதல் தடவையா ஒண்ணு கேட்கறார், பின்னத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் அன்னைக்கே போய் ஊசி வாங்கிட்டு வந்தோம்."